இரண்டு நிமிடப் படமும் ஏழு கேள்விகளும்

வளசரவாக்கம், சென்னை
மார்ச் 2015

அன்புள்ள பாப்புவுக்கு, மாமா எழுதுவது.

படம் வந்து சேர்ந்தது, கூடவே நீ எழுதிய ஏழு பதில்களும். படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பதில்களை ஒரு தரத்துக்கு மேல் படிக்க முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே. மனசில் பட்டதைச் சொல்லுங்கள் மாமா என்று கேட்டவள் நீதான்.

முதலில் படம். ஊரிலிருந்து பாட்டி வந்து இறங்குகிறாள், பழைய டிரங்குப் பெட்டியோடு. வீட்டில் ஆளுக்கொரு அவசரம். ஏழு வயதுப் பையன் மட்டும் மாடிப்படியில் உட்கார்ந்து பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். பெட்டி தானாக ஒரு சாண் நகர்கிறது. டைட்டில். ஒரு குடும்பப் படத்தின் தொடக்கத்துக்கு, அதுவும் இரண்டு நிமிடத்துக்கு, இதற்கு மேல் கதை வேண்டியதில்லை. பாட்டி வேஷத்துக்கு உன் பாட்டியையே பிடித்துப் போட்டது பெரிய சாமர்த்தியம். இத்தனை வருஷம் பிள்ளை சினிமாவில் இருந்தும் ஷூட்டிங் பக்கம் எட்டிப் பார்க்காத அம்மா, பேத்தி கூப்பிட்டதும் லண்டன் ஹாரோவில் கேமரா முன்னால் போய் நின்றுவிட்டாள்! இருக்கட்டும், அதை அவளிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

இனி பதில்கள். உங்கள் தேர்வு வாரியமான ஓ.சி.ஆர். நடத்தும் மீடியா தேர்வில், ஒரு படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை எடுத்து ஏழு கேள்விக்குப் பதில் எழுதும் இந்த வேலைக்கு 100 மதிப்பெண். திட்டமிடலுக்கு 20, படத்துக்கு 60, எல்லாம் முடிந்தபின் எழுதும் மதிப்பீட்டுக்கு 20. அறுபதுக்கு ராப்பகலாக உழைத்த பிள்ளைகள் இருபதை ஒரே ராத்திரியில் எழுதித் தள்ளியிருப்பது முதல் வரியிலேயே தெரிகிறது. குடும்பப் படங்களின் மரபுகளை எங்கள் படம் திறம்படப் பயன்படுத்துகிறது என்று தொடங்குகிறாய். திறம்பட என்று நீயே சொல்லிக்கொண்டால் திருத்துகிறவருக்கு என்ன வேலை? மரபு, பார்வையாளர், பிரதிநிதித்துவம் என்று பாடப்புத்தகச் சொற்கள் எல்லாம் வரிசையாக வந்திருக்கின்றன. நீங்கள் நாலு பேரும் அந்த வீட்டில் என்ன செய்தீர்கள், எதை எடுத்தீர்கள், எதை வேண்டாமென்று வெட்டினீர்கள், ஏன், அதுதான் எங்கேயும் இல்லை. எனக்கு அதைத்தான் படிக்க வேண்டும். திருத்துகிறவருக்கும் அதைத்தான் படிக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் மற்றதெல்லாம் அவர் மேஜையில் இருக்கும் எல்லாத் தாளிலும் இருக்கும்.

ஓர் இடத்தைக் காட்டுகிறேன். சிறுவனின் பலவீனத்தைக் காட்ட ஹை ஆங்கிள் வைத்தோம் என்று எழுதியிருக்கிறாய். புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கும். உன் படத்தில் ஹை ஆங்கிள் ஒன்றே ஒன்று, அதுவும் கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது. மற்றதெல்லாம் பையன் உட்கார்ந்திருக்கும் உயரத்திலிருந்து. பெரியவர்கள் இடுப்புக்குக் கீழேதான் தெரிகிறார்கள்: ஷூ, புடவைக் கரை, விரலில் சுழலும் கார் சாவி. ஏன் இப்படி வைத்தீர்கள் என்று போனில் கேட்டேன். குறுகலான படி, டிரைபாட் காலை விரிக்க இடமில்லை, அதனால் கேமராவைப் படியிலேயே வைத்துவிட்டோம் என்றாய். சாயங்காலம் எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோது அந்த உயரம் பிடித்துப்போய், கூடத்தில் எடுத்த ஷாட்டுகளையும் மறுநாள் கீழே இறக்கித் திரும்ப எடுத்தோம் என்றும் சொன்னாய். பாப்பு, மரபுகளை எப்படிப் பயன்படுத்தினீர்கள் என்ற உன் முதல் கேள்விக்குப் பதில் இதுதான். இதைத் தாளில் ஒரு வரி கூட எழுதவில்லையே!

ஸ்பீல்பெர்க் 1982-இல் வந்த 'ஈ.டி.'யில் நெடுநேரம் அம்மா ஒருத்தியைத் தவிரப் பெரியவர்கள் முகத்தையே காட்டமாட்டார். காட்டில் தேடி வருகிற ஆளை நமக்கு இடுப்பில் குலுங்கும் சாவிக்கொத்தாகத்தான் தெரியும். அவர் யோசித்துச் செய்தார், உங்களுக்கு மாடிப்படி செய்து கொடுத்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எடிட்டிங் ரூமில் பாதிப் படம் அப்படித்தான் கிடைக்கிறது. கிடைத்ததைப் பார்த்து, இது வேண்டும், மற்றதையும் இதற்கேற்ப மாற்று என்று சொல்கிறோமே, அங்கேதான் படம் எடுத்தவர் தெரிகிறார். அந்த மறுநாள் ஷூட்டிங்கை விரிவாக எழுது. பழைய கூடத்து ஷாட்டையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டு.

அதே பதிலில் 'அப்' படத்தை உதாரணம் காட்டியிருக்கிறாய். கல்யாணத்திலிருந்து மனைவி சாவு வரை வசனமே இல்லாமல் போகும் அந்தப் பகுதியோடு படம் தொடங்குவதாக. நிறையப் பேருக்கு அப்படித்தான் ஞாபகம். படத்தைப் போட்டுப் பார். தொடங்குவது ஒரு தியேட்டரில். கண்ணாடி போட்ட சின்னப் பையன் வாயைப் பிளந்தபடி கறுப்பு-வெள்ளை நியூஸ்ரீல் பார்க்கிறான், தென்னமெரிக்கா போய்வந்த சாகசக்காரரைப் பற்றி. உங்களுக்குக் கொடுத்த இரண்டு நிமிடத்தில் அந்தப் படத்தில் பெண் பார்க்கவே போயிருக்க மாட்டார்கள்.

போன நவம்பரில் வந்த 'பேடிங்டன்' எப்படித் தொடங்குகிறது? அதுவும் பழைய நியூஸ்ரீல் மாதிரி ஒரு துண்டோடு. பெருவுக்குப் போன இங்கிலீஷ்காரர், கரடிகள், மார்மலேட். 2009-இல் ஒன்று, 2014-இல் ஒன்று, இரண்டும் ஒரே வாசல் வழியாக ஏன் நுழைகின்றன என்று யோசித்தாயா? ஒரே வரிசையில் எட்டு வயதும் நாற்பது வயதும் எழுபது வயதும் உட்கார்ந்திருக்கிறது. குழந்தைக்கு அந்தத் துண்டில் காடும் மிருகமும் இருக்கிறது. பெரியவருக்கு அந்தக் கால அறிவிப்பாளர் குரலும் கீறல் விழுந்த படமும் சிரிப்பு மூட்டுகிறது. நடுவில், யாரும் யாருக்கும் விளக்காமல், முன்கதை மொத்தமும் சொல்லியாகிவிடுகிறது. உங்கள் படத்தில் அந்த வேலையைப் பெட்டியின் மூடி செய்கிறது. வெள்ளைப் பெயிண்டில் தாத்தா பெயர், அதன் மேல் பாதி கிழிந்த ரயில்வே லக்கேஜ் சீட்டு. குழந்தை அதைப் படிக்காது, பக்கத்தில் இருக்கும் அப்பா படிப்பார். அந்த ஷாட்டை நீ போதுமான நேரம் நிறுத்தியிருக்கிறாய். ஏன் நிறுத்தினாய் என்றுதான் எழுதவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். 'ஹோம் அலோன்' பார்த்துத்தான் வீட்டுக் களேபரத்தை வைத்தோம் என்கிறாய். 1990 படம், உன்னைவிட மூத்தது. அதில் கூடத்தில் போலீஸ் உடுப்போடு ஒருவன் நின்று, அப்பா அம்மா எங்கே என்று ஓடுகிற பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஒன்றும் நின்று பதில் சொல்வதில்லை. சிரிக்கிறோம். ஆனால் அந்தச் சந்தடி இரண்டு காரியம் செய்துவிடுகிறது. இந்தக் கூட்டத்தில் ஒரு பிள்ளை விட்டுப்போகலாம் என்று நம்மை நம்ப வைக்கிறது. போலீஸ்காரன்தான் திருடன் என்பதை நம் மூக்குக்கு எதிரே ஒளித்து வைக்கிறது. உங்கள் களேபரத்தில் அம்மா போன் பேசுகிறாள், அக்கா ஹெட்போன் மாட்டியிருக்கிறாள், டோஸ்ட் கருகுகிறது. எதுவும் பெட்டியோடு ஒட்டவில்லை. இதை மறைக்காமல் எழுது. அங்கே நேரம் வீணானது, பெட்டியைத் தாண்டித் தாண்டிப் போகிற கால்களை மட்டும் வைத்திருக்கலாம் என்று சொல்லத் தெரிந்தால், 'ஹோம் அலோன்' பார்த்ததற்கு அர்த்தம் இருக்கிறது.

ஏழாவது கேள்வி, ஆரம்பப் பயிற்சிக்கும் இந்தப் படத்துக்கும் நடுவில் என்ன கற்றீர்கள் என்பது. பயிற்சியில் ஒருவர் கதவைத் திறந்து, அறையைக் கடந்து, நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே இருப்பவரோடு இரண்டு வார்த்தை பேச வேண்டும். ஷாட் மாறினாலும் அசைவு விட்டுப்போகாத ஆக்ஷன் கன்டினியூட்டி, ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரைக் காட்டும் சஜஷன் ஷாட், இருவருக்கும் நடுவில் இருக்கும் கற்பனைக் கோட்டைக் கேமரா தாண்டி லைன் க்ராஸ் ஆகாமல் பார்த்துக்கொள்வது, இவைதான் அதில் பாடம். மூவியோலா எடிட்டிங் மெஷின் பக்கத்தில் நின்று நாங்கள் கற்றதும் அதே பாடம்தான். அதைச் சுத்தமாகச் செய்திருந்தீர்கள். படத்தில் வந்தபோது பையனுக்கு ஒரு ஷாட்டில் இரண்டு காலிலும் சாக்ஸ், அடுத்ததில் ஒரு காலில்தான். கூடத்து ஜன்னல் பளிச்சென்று இருந்து சட்டென்று கறுத்துப்போகிறது. டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும் என்பது நாலு பேரில் ஒருவருக்கும் ஷெட்யூல் போடும்போது நினைவில்லை போலிருக்கிறது. நீ இரண்டையும் தொடர்ச்சிப் பிழை என்று ஒரே வரியில் போட்டு மன்னிப்புக் கேட்கிறாய்.

இரண்டும் ஒன்றில்லை. வால்ட்டர் மர்ச் என்ற எடிட்டர், 'அபோகலிப்ஸ் நவ்' வெட்டியவர்களில் ஒருவர், ஒரு கட் எதற்காக விழ வேண்டும் என்பதற்கு நூற்றுக்குக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். உணர்ச்சிக்கு 51, கதைக்கு 23, தாளத்துக்கு 10, பார்ப்பவர் கண் போகும் இடத்துக்கு 7, திரையின் தளத்துக்கு 5. யார் எங்கே நிற்கிறார், எது எங்கே இருக்கிறது என்ற இட ஒழுங்குக்கு வெறும் 4. எண்களை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே, வரிசையை எடுத்துக்கொள். சாக்ஸை நானே வெகுநேரம் கவனிக்கவில்லை, கண் பையன் முகத்தை விட்டு நகரவில்லை. அது நாலில் போகிற குற்றம். ஜன்னல் இருட்டினால் கதையில் பொழுது போய்விட்டது என்று அர்த்தம். கிழவி வந்து மூன்று மணி நேரமாகியும் பெட்டியைத் தூக்கி உள்ளே வைக்க ஆளில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது. அது இருபத்துமூன்றில் அடிக்கிறது. கதவு திறக்கும் பயிற்சியில் எல்லாப் பிழையும் ஒரே எடை. படத்தில் எது உறுத்தும், எது உறுத்தாது என்று பிரிக்கத் தெரிந்துகொண்டோம் என்று எழுது, ஏழாவது கேள்விக்கு வேறு பதில் தேவையில்லை.

சமூகக் குழுக்களைப் பற்றிய கேள்விக்கு, தெற்காசிய மூதாட்டியை நேர்மறையாகச் சித்திரித்தோம் என்று முடித்துவிட்டாய். வந்ததும் வராததுமாக ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்துப் பாட்டி பதறுகிற இடம் எந்த நேர்மறை? அது ஊர்க்கிழவியைப் பார்த்துச் சிரிக்கிற பழைய சிரிப்பு, நம் ஊர் சினிமாவிலும் உண்டு. ஆனால் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, பையன் பார்க்கிறானா என்று ஓரக்கண்ணால் பார்க்கிறாளே, அந்த இடத்தில் அவள் ஒரு ஆள். விஷயம் தெரிந்தவள். ஒரே படத்தில் இரண்டு விதமாக அவளைக் காட்டியிருக்கிறீர்கள் என்று நீயே சொல்லு. சொன்னால் மதிப்பெண் குறையாது.

பார்வையாளர் எல்லா வயதினரும், வெளியிடுவது டிஸ்னி என்று எழுதியிருக்கிறாய். இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். உங்கள் நாட்டுச் சென்சாரான பி.பி.எஃப்.சி.யில் 'யு' என்றால் நாலு வயதுக் குழந்தைக்கும் சரிப்பட வேண்டும், 'பி.ஜி.' என்றால் எட்டு வயதுப் பிள்ளை கலங்கக் கூடாது. 'பேடிங்டன்' கரடிக்கே 'பி.ஜி.'தான் கொடுத்தார்கள். ஆளில்லாத கூடத்தில் பெட்டி தானாக நகர்ந்தால் நாலு வயதுக்குப் பயமா, குஷியா? உங்களோடு நடித்த பையனின் தங்கையை உட்கார வைத்துப் போட்டுக் காட்டி, அவள் முகத்தைப் பார்த்து எழுது. டிஸ்னியை விடு. 'பேடிங்டன்', இந்தப் பிப்ரவரியில் வந்த 'ஷான் தி ஷீப்' இரண்டையும் பிரிட்டனில் வெளியிட்டது ஸ்டுடியோகனால். முன்னதைக் கிறிஸ்துமஸுக்கு முன்னாலும் பின்னதைப் பள்ளி அரைப்பருவ விடுமுறைக்கு முன்னாலும் இறக்கினார்கள். எந்த லீவுக்கு உங்கள் படம் வரும், எந்தக் கம்பெனிக்கு இது பிடிக்கும் என்று யோசித்தால் ஒரு பத்தி தானாக வந்துவிடும்.

இளையராஜா பாட்டைப் போட விதியில் இடமில்லை என்று குறைப்பட்டிருந்தாய். நல்லதாயிற்று. ராஜா பாட்டைப் போட்டிருந்தால் எல்லோரும் பாட்டைத்தான் கேட்டிருப்பார்கள். குக்கர் விசிலைத் தாளமாக வைத்து, மூன்றாவது விசிலில் பெட்டியை நகர வைத்ததை யார் யோசித்தது? நீயா, உன் சிநேகிதியா? யார் என்று பெயர் சொல்லி எழுது. நாலு பேர் சேர்ந்து செய்த வேலையில் எல்லாவற்றுக்கும் நாங்கள் நாங்கள் என்று எழுதினால் ஒருவரும் செய்யாத மாதிரி இருக்கிறது. டைட்டிலில் பெயர் வரிசை சரி, டைரக்டர் கடைசியில், அங்கேயும் இங்கேயும் அதுதான் முறை.

ஆறாவது கேள்வி டெக்னாலஜி. கேமரா மாடல், சாஃப்ட்வேர் பெயர், மெமரி கார்டு என்று பட்டியல் போட்டிருக்கிறாய், கடை பில் மாதிரி. பெட்டியை இழுத்த தூண்டில் நரம்பு எங்கே? முதல் டேக்கில் லைட் பட்டு அது மின்னியதும், பாட்டியின் கண் மையை எடுத்துத் தடவி மினுமினுப்பை அடக்கியதும் எங்கே? போனில் அரை மணி நேரம் அதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். நரம்பு மின்னிய அந்த டேக் கம்ப்யூட்டரில் இன்னும் இருந்தால் ஒரு ஃப்ரேம் எடுத்துப் பதிலோடு வை.

இந்த ஞாயிறுக்குள் ஆறையும் ஏழையும் திருத்தி அனுப்பு, மற்றதைப் பிறகு பார்க்கலாம். அளவு கூடிப்போகுமே என்று கவலைப்படாதே. நீ எழுதிக்கொண்டே போ, வெட்டுவதற்கு நான் இருக்கிறேன்.

அன்புடன்,
மாமா