தாத்தா மிதக்க எத்தனை மூட்டை உப்பு?



பாய்மங்கள் பாடம் நடத்தும்போது அறிவியல் சார் ஒரு கேள்வி கேட்டார். "சாக்கடல்ல மனுஷன் மல்லாந்து படுத்துக்கிட்டுப் பேப்பர் படிக்கிறான். நம்ம காவிரியில ஏன் முடியல?" நாங்கள் எல்லோரும் "உப்பு சார்!" என்று கத்தினோம். வகுப்பில் பாடம் அதோடு முடிந்துவிட்டது. எனக்கு மட்டும் முடியவில்லை. காரணம் எங்கள் தாத்தா.

தாத்தா வாலிப வயசில் கொள்ளிடத்தில் நீந்தி அக்கரை போய் வந்தவர். இப்போது அவருக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துக்கு ஆடிப்பெருக்கு அன்று கூட்டிப் போனோம். படித்துறையில் ஒரு படிகூட இறங்க முடியாமல் மேலேயே உட்கார்ந்திருந்தார். "ஒரே ஒரு தடவை தண்ணில மல்லாந்து கெடக்கணும் பாப்பா, அவ்ளோதான்" என்றார். அன்றைக்கே நான் முடிவு செய்தேன், தாத்தாவுக்கு வீட்டிலேயே ஒரு சாக்கடல் செய்வது என்று.

அப்படி ஒரு தொட்டி உண்டா?

உண்டு. அதன் பெயர் மிதவைத் தொட்டி. 1954-இல் அமெரிக்காவில் ஜான் லில்லி என்ற விஞ்ஞானி இதைத் தொடங்கினார். வெளிச்சமும் சத்தமும் இல்லாவிட்டால் மூளை என்ன செய்யும் என்று பார்ப்பதற்காகச் செய்தார். பிற்காலத்தில் வந்த தொட்டிகளில் ஒரு சாண், ஒன்றரைச் சாண் ஆழத்துக்குத்தான் தண்ணீர். அதில் உப்பைக் கரைத்து விடுகிறார்கள். படுத்தால் உடம்பு தக்கைபோல் மேலே நிற்கும்.

அது நாம் சமைக்கிற உப்பு இல்லை, எப்சம் உப்பு. லண்டன் பக்கத்தில் எப்சம் என்று ஓர் ஊர். அங்கே ஊற்றுத் தண்ணீர் கசக்கும். அதிலிருந்து எடுத்ததால் அந்தப் பெயர். தமிழில் பேதியுப்பு என்பார்கள். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை! வேதியியல் பெயர் மெக்னீசியம் சல்பேட்.

எங்கே கிடைக்கும்?

ஸ்ரீரங்கத்தில் மருந்துக் கடையில் கேட்டேன். சின்னப் பாக்கெட்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா சிரித்துவிட்டு மாட்டுக் கொட்டகையைக் காட்டினார். அங்கே வாழைக்கு வைக்கிற உரமூட்டை, 25 கிலோ. மேலே மெக்னீசியம் சல்பேட் என்று எழுதியிருந்தது. நான் ஊரெல்லாம் தேடியது எங்கள் வீட்டிலேயே இருந்தது!

இலையின் பச்சையத்துக்கு நடுவே இருப்பது மெக்னீசியம். அது குறைந்தால் வாழை இலை ஓரம் மஞ்சளாகும். அதனால்தான் இந்த உரம்.

இது எங்கிருந்து வருகிறது? சேலத்தில் மேக்னசைட் என்ற வெள்ளைக்கல் வெட்டி எடுக்கிறார்கள். அந்தக் கல்லோடு கந்தக அமிலம் சேர்ந்தால் எப்சம் உப்பு உண்டாகும். கடல்நீரிலும் மெக்னீசியம் இருக்கிறது. உப்பளத்தில் உப்பு விளைந்த பிறகு மிஞ்சும் கசப்பு நீரிலிருந்தும் எப்சம் உப்பு எடுக்கலாம். 1930 ஏப்ரல் 13-இல் ராஜாஜி நம்ம திருச்சியிலிருந்துதான் வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்து போனார். நானும் உப்பைத் தேடுகிற திருச்சிக்காரிதானே என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

முட்டைச் சோதனை

தேவையான பொருட்கள்: புது முட்டை 1, தண்ணீர் 2 லிட்டர், சமையல் உப்பு, எப்சம் உப்பு, பாத்திரம் 2, தராசு.

செய்முறை: ஒவ்வொரு பாத்திரத்திலும் 1 லிட்டர் தண்ணீர். ஒன்றில் சமையல் உப்பு, மற்றதில் எப்சம் உப்பு. பத்துப் பத்து கிராமாகப் போட்டுக் கரைத்து, ஒவ்வொரு தடவையும் முட்டையை விட்டுப் பார்த்தேன்.

கண்டது: சமையல் உப்பு 140 கிராம் ஆனதும் முட்டை மிதந்தது. எப்சம் உப்பு 220 கிராம் ஆன பிறகுதான் மிதந்தது. கரைக்கும்போது எப்சம் உப்புப் பாத்திரம் சில்லென்று ஆனது.

எனக்கு ஒரே குழப்பம். எப்சம் உப்பு அதிகம் தேவைப்படுகிறதே, பிறகு ஏன் தொட்டிக்கு அதை வாங்குகிறார்கள்? சார்தான் விளக்கினார். எப்சம் உப்பின் எடையில் பாதி படிக நீர். நான் போட்ட 220 கிராமில் நிஜமான உப்பு 110 கிராம்கூட இல்லை. ஆனால் அது நிறைய கரையும். 20 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீரில் சமையல் உப்பு 360 கிராம்தான் கரையும். எப்சம் உப்பு ஒரு கிலோவுக்கு மேலேயே கரையும். அதனால் கரைசலின் அடர்த்தியை இன்னும் கூட்டலாம். தோலும் அவ்வளவாக எரியாது.

தாத்தாவுக்கு எவ்வளவு?

தொட்டி 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 25 செ.மீ. ஆழம் என்று வைத்தேன்.
கொள்ளளவு = 500 லிட்டர்.
ஒரு லிட்டர் கரைசலின் எடை 1.25 கிலோ என்றால், மொத்தம் 625 கிலோ.
அதில் 100-க்கு 46 பங்கு உப்பு. அதாவது ஏறக்குறைய 288 கிலோ.
25 கிலோ மூட்டையில் 12 மூட்டை!

நோட்டை அப்பாவிடம் காட்டினேன். அப்பா திட்டவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார். "சரிம்மா, தாத்தா மிதந்து முடிச்சப்புறம் அந்தத் தண்ணிய எங்க கொட்டுவ?"

நான் இதை யோசிக்கவே இல்லை. வாழைக்குக் கொட்டினால் வேர் தண்ணீர் குடிக்க முடியாமல் கருகிவிடும். ஒரு பிடி போட்டால் உரம், பன்னிரண்டு மூட்டை போட்டால் விஷம். வாய்க்காலில் விட்டால் கீழ்க்காட்டுக்காரர் வயலுக்குப் போகும். அதோடு, வயலுக்கான உப்பில் வேறு என்ன கலந்திருக்கும் என்று தெரியாமல் தாத்தாவை அதில் படுக்க வைக்கவும் கூடாது. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை.

மிதந்த கதை

மறுநாள் தாத்தா என் நோட்டை வாங்கிப் பார்த்தார். "ஏன் பாப்பா, நான் கொள்ளிடத்துல மெதந்தப்ப எவன் உப்பு போட்டான்?" என்றார்.

சாரிடம் ஓடினேன். அவர் சொன்னது: மூச்சை நிறைய இழுத்து வைத்தால் நம் உடம்பின் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம் குறைவு. மூச்சை விட்டால் கொஞ்சம் அதிகம். காற்று நெஞ்சில்தான் இருப்பதால் கால் மட்டும் கீழே இறங்கும். இன்னொன்றும் சொன்னார். ஜான் லில்லி செய்த முதல் தொட்டியில் உப்பே கிடையாதாம், சாதா வெதுவெதுப்பான தண்ணீர்தானாம்.

காலுக்கு என்ன செய்வது? நம்ம ஊரில் பிள்ளைகள் நீச்சல் பழகுவது எதைக் கட்டிக்கொண்டு? தார் வெட்டிய வாழைமரம்! அதன் மட்டைகளுக்குள் காற்றறைகள் இருப்பதால் மிதக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பம்புசெட் தொட்டியில் இடுப்பளவு தண்ணீர் நிரப்பினோம். மோட்டாரை நிறுத்தினோம். அப்பாவும் சித்தப்பாவும் தாத்தாவைத் தூக்கி உள்ளே இறக்கினார்கள். அப்பா பின்னந்தலையைத் தாங்கினார். முட்டிக்கு அடியில் இரண்டு முழம் வாழைமரத் துண்டு வைத்தேன். தாத்தா மூச்சை இழுத்தார். அப்பா மெதுவாகக் கையை எடுத்தார்.

தாத்தா மிதந்தார். கண்ணை மூடிக்கொண்டார். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. வெளியே தூக்கிய பிறகு, "முட்டி வலியே தெரியல" என்றார். வலி சாயங்காலம் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் இப்போது வாராவாரம் ஞாயிறு எப்போது வரும் என்று கேட்கிறார். தொட்டித் தண்ணீர் அப்படியே வாழைக்குப் போகிறது.

கவனம்: பெரியவர்கள் இல்லாமல் தொட்டியிலோ ஆற்றிலோ இறங்காதீர்கள். ஆற்றில் மணல் பள்ளம் இருப்பது மேலே தெரியாது. எப்சம் உப்பை வாயில் போட்டுப் பார்க்காதீர்கள். சோதனை முட்டையையும் சாப்பிட வேண்டாம்.

சிந்திக்க:
1. பழைய முட்டை சாதாத் தண்ணீரிலேயே மிதக்கிறதே, ஏன்?
2. உப்புத் தண்ணீர் வாழை வேரிலிருந்து தண்ணீரை எப்படிப் பிடுங்குகிறது? (குறிப்பு: சவ்வூடு பரவல்)

விடை தெரிந்தவர்கள் இந்தத் தாளுக்குக் கீழே பென்சிலால் எழுதுங்கள். சரியாக எழுதுபவர்களுக்கு எங்கள் தோட்டத்து வாழைப்பழம் ஒரு சீப்பு!

— 9-ஆம் வகுப்பு மாணவி