கரையேறிய கப்பல்

ஐரோப்பாக் கண்டத்தின் வடக்கே சுவீடன் என்ற நாடு இருக்கிறது. குளிர் மிகுந்த நாடு. அதன் தலைநகரம் ஸ்டாக்ஹோம். இந்த நகரம் 14 தீவுகளின் மேல் அமைந்துள்ளது. தீவுகளைப் பாலங்கள் இணைக்கின்றன. நகருக்குள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போகப் படகுகளும் ஓடுகின்றன.

ஸ்டாக்ஹோமைச் சுற்றிப் பார்க்கப் பல நாட்டு மக்கள் வருகிறார்கள். அங்கே அரண்மனை உண்டு. பழைய கடைத்தெருக்கள் உண்டு. இவற்றோடு ஒரு மரக் கப்பலும் உண்டு. அதன் பெயர் வாசா. ஆண்டுதோறும் பத்து லட்சம் பேருக்கு மேல் அதைப் பார்க்க வருகிறார்கள். அது போரில் வென்ற கப்பல் அல்ல. உலகைச் சுற்றி வந்த கப்பலும் அல்ல. புறப்பட்ட அன்றே மூழ்கிப் போன கப்பல்!

அரசரின் ஆசை

அப்போது சுவீடனை ஆண்டவர் குஸ்தாவ் அடால்ஃப் என்ற அரசர். அவர் பக்கத்து நாடான போலந்துடன் போரிட்டு வந்தார். பெரிய போர்க்கப்பல் ஒன்று வேண்டும் என்றார். 1626 முதல் 1628 வரை வேலை நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருவாலி மரங்கள் வெட்டப்பட்டன. தச்சர், கொல்லர், சிற்பி, கயிறு திரிப்பவர் என்று நூற்றுக்கணக்கானோர் உழைத்தார்கள்.

கப்பலில் 64 பீரங்கிகள் ஏற்றப்பட்டன. அவை இரண்டு தளங்களில், ஒன்றின் மேல் ஒன்றாக நின்றன. பக்கங்களில் சிங்கம், வீரன் என்று நூற்றுக்கணக்கான மரச்சிற்பங்கள். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் கப்பலின் மேல்பாகம் கனத்துப் போனது. கீழ்ப்பாகம் அதைத் தாங்கும் அளவுக்கு அகலமாக இல்லை.

வைக்கோலை மிக உயரமாக ஏற்றிய வண்டியை நினைத்துப் பாருங்கள். பாதை சற்றுச் சரிந்தாலும் வண்டி குடைசாயும். வாசாவின் நிலையும் அதுதான்.

ஓடிப் பார்த்த முப்பது பேர்

கப்பல் புறப்படும் முன் ஒரு சோதனை நடந்தது. 30 மாலுமிகள் மேல்தளத்தில் இப்பக்கமிருந்து அப்பக்கம் சேர்ந்து ஓடினார்கள். கப்பல் ஆடியது. மறுபடி ஓடினார்கள். இன்னும் அதிகமாக ஆடியது. மூன்றாம் முறை ஓடியதும் கப்பல் கவிழ்ந்துவிடும் போலிருந்தது. உடனே கடற்படைத் தளபதி சோதனையை நிறுத்தச் சொன்னார்.

ஆபத்து கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் யாரும் கப்பலை நிறுத்தவில்லை. அரசர் வெளிநாட்டில் போர்முனையில் இருந்தார். கப்பல் சீக்கிரம் வரவேண்டும் என்று அவசரப்படுத்தினார். அவருக்குப் பயந்து எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

1628 ஆகஸ்டு 10. கரையெங்கும் மக்கள் கூட்டம். கப்பல் புறப்பட்டது. மாலுமிகளின் குடும்பத்தாரும் சிறிது தூரம் பயணம் செய்ய ஏறியிருந்தார்கள். சுமார் 1,300 மீட்டர் தூரம்தான் போயிருக்கும். ஒரு காற்று வீசியது. கப்பல் சாய்ந்தது. பீரங்கிகளுக்காக வைத்த சன்னல்கள் திறந்திருந்தன. அவற்றின் வழியாகத் தண்ணீர் உள்ளே பாய்ந்தது. ஊர் பார்த்திருக்கக் கப்பல் மூழ்கியது. சுமார் 30 பேர் இறந்தார்கள்.

விசாரணை நடந்தது. கப்பலைக் கட்டிய தலைமைத் தச்சர் முந்தின ஆண்டே இறந்துவிட்டார். கப்பலின் அளவுகளுக்கு ஒப்புதல் தந்தவரோ அரசர். அவரை யார் கேட்பது? கடைசியில் ஒருவருக்கும் தண்டனை இல்லை.

மீண்டும் மேலே

கப்பல் 32 மீட்டர் ஆழத்தில் கிடந்தது. உயரமான பனைமரம் ஒன்று முழுதாக மறையும் ஆழம் அது. 1660-களில் பெரும்பாலான பீரங்கிகளை மூழ்கிப் போய் எடுத்தார்கள். பிறகு கப்பல் கிடந்த இடமே மறந்து போயிற்று.

1956-இல் ஆண்டர்ஸ் ஃபிரான்சேன் என்பவர் அதைத் தேடிக் கண்டுபிடித்தார். முக்குளிப்பவர்கள் கப்பலுக்கு அடியில் ஆறு சுரங்கங்கள் தோண்டினார்கள். கும்மிருட்டு. தலைக்கு மேலே கப்பலின் பாரம். உயிரைப் பணயம் வைத்துத்தான் வேலை செய்தார்கள். சுரங்கங்கள் வழியாக எஃகு வடங்களைச் செலுத்தினார்கள். 1961 ஏப்ரல் 24 அன்று கப்பல் நீருக்கு மேலே வந்தது. மூழ்கி 333 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மரம் மக்கிப் போகவில்லையா? அதற்கு முக்கியமான காரணம் உண்டு. அது பால்டிக் கடல். அதில் உப்பு குறைவு. மரத்தைத் துளைக்கும் கடற்புழு அங்கே வாழ முடியாது. அதனால் கப்பல் தப்பியது.

ஆனால் வெளியே எடுத்ததும் வேறு ஆபத்து வந்தது. ஊறிய மரம் வேகமாகக் காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதைத் தடுக்க ஒருவகை மெழுகு கலந்த நீரை 17 ஆண்டுகள் கப்பல் மேல் தெளித்தார்கள். 1990-இல் அதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது.

அங்கே வெளிச்சம் குறைவாகவே இருக்கும். மரத்தைக் காப்பதற்காக இந்த ஏற்பாடு. கப்பலுக்குள் ஏற முடியாது. சுற்றிலும் உள்ள மாடிகளில் நின்று கீழிருந்து மேல்வரை பார்க்கலாம். மாலுமிகளின் காலணி, மரக்கரண்டி, காசு, விளையாட்டுப் பலகை எல்லாம் வைக்கப்பட்டுள்ளன. இறந்தவர்களின் எலும்புகளையும் ஆராய்ந்து வருகிறார்கள். ஆண் என்று பல காலம் நினைத்த ஓர் எலும்புக்கூடு பெண்ணுடையது என்று 2023-இல் தெரிய வந்தது.

ஏழைகளின் வீடுகள்

கப்பல் இருக்கும் தீவின் பெயர் யூர்கோர்டன். அதே தீவில் ஸ்கான்சென் என்ற இடமும் இருக்கிறது. இதைத் தொடங்கியவர் ஆர்ட்டூர் ஹசேலியுஸ் என்ற ஆசிரியர். அந்தக் காலத்தில் சுவீடனில் ஆலைகள் பெருகின. கிராமத்து வழக்கங்கள் மறைந்து வந்தன. இவற்றைப் பிள்ளைகள் அறியாமல் போவார்களே என்று அவர் கவலைப்பட்டார். 1891-இல் ஸ்கான்சென் திறக்கப்பட்டது.

நாட்டின் பல பகுதிகளிலிருந்து சுமார் 150 கட்டடங்கள் இங்கே கொண்டுவரப்பட்டன. ஒவ்வொன்றையும் பிரித்து, ஏற்றி வந்து, மறுபடி பூட்டினார்கள். குடியானவர் வீடு, ஏழைத் தொழிலாளி வீடு, காற்றாலை, கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் உண்டு. பழைய கால உடை அணிந்தவர்கள் ரொட்டி சுடுகிறார்கள். கண்ணாடி ஊதுகிறார்கள். வருபவர்கள் கேள்வி கேட்டால் விளக்குகிறார்கள்.

ஸ்கான்செனில் உள்ள பள்ளிக்கூடத்தின் முன் ஒரு செய்தியை நினைவில் கொள்ளலாம். சுவீடனில் 1686-இல் ஒரு சட்டம் வந்தது. ஆண், பெண், வேலைக்காரர் எல்லோரும் மதநூலைப் படிக்கக் கற்க வேண்டும் என்றது. பள்ளிகள் மிகக் குறைவு. பெற்றோரே வீட்டில் சொல்லிக் கொடுத்தார்கள். பாதிரியார் வந்து படிக்கச் சொல்லிக் கேட்பார். இப்படிப் படிக்கத் தெரிந்தவர்கள் பெருகினார்கள். ஆனால் அவர்களில் பலருக்கு எழுதத் தெரியாது. எழுத்தை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. 1842-க்குப் பிறகுதான் ஊர்தோறும் பள்ளி வந்தது.

பண்டிகையும் காடும்

ஜூன் மாதத்தில் ஸ்டாக்ஹோமில் இரவு பத்து மணி அளவில்தான் சூரியன் மறையும். அப்போது நடுக்கோடைத் திருவிழா நடக்கும். உயரமான கம்பத்தில் இலையும் பூவும் சுற்றி நடுவார்கள். அதைச் சுற்றிப் பெரியவரும் சிறியவரும் ஆடுவார்கள். வெளியூர்க்காரரும் சேர்ந்துகொள்ளலாம். டிசம்பரில் பகல் சுமார் ஆறு மணி நேரமே இருக்கும். அந்த இருட்டில், டிசம்பர் 13 அன்று, வெள்ளை உடுத்திய பெண் தலையில் விளக்கு ஏந்திப் பாடி வருவாள். இது லூசியா விழா. அன்று குங்குமப்பூ சேர்த்த ரொட்டி தின்பார்கள்.

காட்டில் நடக்கவும், காட்டுப் பழமும் காளானும் பறிக்கவும் அங்கே எல்லோருக்கும் உரிமை உண்டு. வெளிநாட்டாருக்கும் உண்டு. ஆனால் பயிரை மிதிக்கக் கூடாது. வீட்டு முற்றத்துக்குள் போகக் கூடாது. எதையும் கெடுக்கக் கூடாது. உரிமையோடு கடமையும் சேர்ந்தே வருகிறது.

அரண்மனைகளை எல்லா நாடுகளும் காட்டும். சுவீடன் தன் தவறையும் காட்டுகிறது. ஏழையின் குடிசையையும் காக்கிறது. வாசாவின் முன் நிற்பவர்களுக்கு ஒன்று புரியும். அந்த 30 மாலுமிகள் ஓடியபோதே கப்பல் உண்மையைச் சொல்லிவிட்டது. அதை உரக்கச் சொல்ல மனிதர் இல்லை. சொல்லியிருந்தால் 30 உயிர்கள் பிழைத்திருக்கும்.

புதிய சொற்கள்
மாலுமி – கப்பலில் வேலை செய்பவர்
முக்குளித்தல் – நீருக்குள் மூழ்கிப் போதல்
குடைசாய்தல் – ஒருபக்கமாகக் கவிழ்தல்

விடை எழுதுங்கள்
1. வாசா கப்பல் ஏன் கவிழ்ந்தது?
2. கடலுக்குள் கிடந்த மரம் ஏன் கெடவில்லை?
3. ஸ்கான்செனை ஏன் தொடங்கினார்கள்?

கூடிப் பேசுங்கள்
1. ஆபத்து வரும் என்று தெரிகிறது. மேலே இருப்பவர் அவசரப்படுத்துகிறார். அப்போது என்ன செய்ய வேண்டும்?
2. உங்கள் ஊரில் மறைந்து வரும் பொருள்கள் எவை? எவற்றைப் பிள்ளைகளுக்காகக் காக்க வேண்டும்?