பழைய சாமானில் ஒரு கார்

அறிவியல் கண்காட்சிக்கு நாங்க நாலு பேர் பேட்டரி கார் செய்தோம். காயலான் கடையில் 150 ரூபாய்க்கு ஒரு பழைய கார் வைப்பர் மோட்டார் வாங்கினோம். வீட்டில் வந்து பார்த்தால் சுத்தவே இல்லை. அது அம்மா நோட்டு வாங்கத் தந்த காசு. பழைய பொருளை எப்படிப் பார்த்து வாங்குவது?

1. மோட்டார்: கார் வைப்பர் மோட்டார் 12 வோல்ட். உள்ளே திருகு மாதிரி பல்சக்கரம் இருப்பதால் மெதுவாக, ஆனால் பலமாகச் சுற்றும். கடையிலேயே பேட்டரியில் வயர் கொடுத்துப் பாருங்கள். கருகல் வாசனை வந்தால் வேண்டாம்.

2. பேட்டரி: 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியில் 6 செல்கள். முழு சார்ஜில் மல்டிமீட்டர் சுமார் 12.6 காட்டும். மோட்டாரை ஓட்டியதும் மளமளவென்று இறங்கினால் பேட்டரி போச்சு! ஒழுகினால் தொடாதீங்க, அது கந்தக அமிலம்.

3. பேரிங்: கையால் சுற்றுங்கள். கரகரவென்றால் தேய்ந்தது.

மறுமுறை, "ஓட்டிக் காட்டுங்க தாத்தா, அப்புறம் காசு தர்றோம்" என்றோம். சிரித்துக்கொண்டே ஓட்டிக் காட்டினார். எங்க காரும் ஓடிச்சு! முதல் தடவை கேட்க வெட்கப்பட்டதுதான் எங்க தப்பு.

– 9-ஆம் வகுப்பு மாணவி