அவள் பயந்தாள், அவன் கோபப்பட்டான்

ஒன்பது மாதக் குழந்தையின் முன்னால் ஒரு பெட்டி திறக்கிறது. உள்ளிருந்து பொம்மை துள்ளி எழ, குழந்தை திடுக்கிட்டு அழுகிறது. ஜான் காண்ட்ரி, சாண்ட்ரா காண்ட்ரி என்ற ஆய்வாளர்கள் 1976இல் வெளியிட்ட ஆய்வில், இந்தக் காட்சியைப் படமாகப் பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு அது ஆண் குழந்தை என்று சொல்லப்பட்டது. மீதிப் பேருக்குப் பெண் குழந்தை என்று. ஆண் என்று நம்பியவர்கள் அந்த அழுகையில் கோபத்தைக் கண்டார்கள். பெண் என்று நம்பியவர்களுக்கு அதே அழுகை பயமாகத் தெரிந்தது.

பாலினம், உணர்ச்சி இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் உளவியலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கப்போகும் மாணவரிடம், “பெண்கள் உணர்ச்சிவசப்படுகிறவர்கள். இது ஊருக்கே தெரியுமே, இதைப் படிக்க ஒரு பாடமா?” என்று கேட்பார்கள். ஊருக்குத் தெரிந்தது சரியா என்று அளந்து பார்ப்பதுதான் அந்தப் பாடம். லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் சக ஆய்வாளர்களும் 1998இல் அளந்தார்கள். “பொதுவாக நீங்கள் எப்படி?” என்று கேட்டபோது, பெண்கள் தங்களை ஆண்களைவிட உணர்ச்சி மிக்கவர்களாகச் சொன்னார்கள். பிறரோடு பேசிப் பழகிய கையோடு அந்தந்த நேரத்து உணர்ச்சியைக் குறிக்கச் சொன்னபோது அந்த வேறுபாடு மறைந்துபோனது. பொதுவாகக் கேட்டால், நம்மைப் பற்றி ஊர் சொல்லிவைத்ததையும் சேர்த்தே நாம் சொல்லிவிடுகிறோம் என்பது என் எண்ணம். அதே ஆண்டில் வெளிவந்த கிரிங், கார்டன் ஆய்வில் திரைக்காட்சிகளைப் பார்த்த பெண்களின் முகம் கூடுதலாக உணர்ச்சியைக் காட்டியது. ஆனால் உள்ளே உணர்ந்ததாகச் சொன்ன அளவு ஆண்களுடையதைவிட அதிகமில்லை. உணர்வதும் காட்டுவதும் வேறு வேறு என்பதை மாணவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். அது பிடிபட்டால் பாதி தூரம் கடந்தாயிற்று.

“அடுத்தவர் மனதை அறிவது பெண்களுக்குப் பிறவிக் குணம்” என்பது பாராட்டுப் போல வரும் நம்பிக்கை. 2001இல் கிளைன், ஹாட்ஜஸ் இருவரும், அடுத்தவர் மனதைச் சரியாகக் கணித்தால் பணம் தருவதாகச் சொன்னார்கள். ஆண்களும் பெண்களுக்கு இணையாகக் கணித்தார்கள். ஆண்களிடம் குறைந்திருந்தது திறமை அல்ல, அக்கறை.

மாதவிலக்கு நாட்களில் பெண்ணின் அறிவு மங்கும் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே எழுதினார்கள். லெட்டா ஹாலிங்வொர்த், 1914இல் வெளிவந்த தன் கொலம்பியா பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வுக்கு இதையே எடுத்துக்கொண்டு, பெண்களுக்குத் தொடர்ந்து சோதனைகள் வைத்தார். அவர்களின் செயல்திறன் அந்த நாட்களில் குறையவில்லை. 2021இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 142 பேரின் மனநிலையை 75 நாட்கள் பதிவு செய்தார்கள். ஆண்களின் மனநிலையும் பெண்களுடையதைப் போலவே ஏறி இறங்கியது. ஒரு நூற்றாண்டு இடைவெளியில் இரண்டு பதில்கள் வந்த பிறகும், கோபப்படும் பெண்ணிடம் “அந்த நாளா?” என்று கேட்கிறார்கள். அது எனக்கு வேதனையாக இருக்கிறது.

இந்தக் கோபத்துக்கு விலையும் உண்டு. பிரெஸ்கால், உல்மன் 2008 ஆய்வில் வேலை நேர்காணலில் கோபத்தைக் காட்டிய ஆணுக்கு மதிப்பு கூடியது, பெண்ணுக்குக் குறைந்தது. அப்படி மதிப்பிட்டவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

“இது பெண்களுக்கான பாடம்” என்பதில் பொருளே இல்லை. அழக் கூடாதென்று வளர்க்கப்பட்ட பையனும் இந்தப் பாடத்தில்தான் வருகிறான்.

“வேறுபாடே இல்லை என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுப் பாடம் நடத்துகிறார்கள்” என்ற குற்றச்சாட்டும் நிற்காது. ஜேனட் ஹைட் 2005இல் 46 தொகுப்பாய்வுகளைப் பரிசீலித்து, பெரும்பாலான வேறுபாடுகள் சிறியவை என்று காட்டியபோதே, பெரியவை சில உண்டு என்றும் எழுதினார். வளர்ந்த பெண்கள் ஆண்களைவிட அதிகம் அழுகிறார்கள் என்பதும் மறைக்கப்படவில்லை. 37 நாடுகளில் இதைக் கேட்டு ஒப்பிட்ட ஆய்வு 2011இல் வந்தது. இந்த இடைவெளி ஏழை நாடுகளைவிட வசதியும் சுதந்திரமும் மிகுந்த நாடுகளில்தான் பெரிதாக இருந்தது. உடல் மட்டுமே காரணமென்றால் அது நாட்டுக்கு நாடு இப்படி மாறாது.