கார்டு இப்போதே வேண்டுமா?

கேள்வி: மகளின் கல்லூரிப் படிப்புக்கும் கொஞ்சம் போட்டோஷாப்புக்கும் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறோம். கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் என்கிறார் கடைக்காரர். வாங்கவா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ரைசன் 5 5600ஜி போன்ற பிராசஸரிலேயே கிராபிக்ஸ் அடங்கியிருக்கிறது; உங்கள் தேவைக்கு அது தாராளம். ஆனால் அதற்கெனத் தனி மெமரி கிடையாது, ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரே 16 ஜிபி ரேமுக்குப் பதிலாக இரண்டு 8 ஜிபி போடச் சொல்லுங்கள். கிராபிக்ஸ் வேகம் நன்றாகவே கூடும். இன்டெல் என்றால், 12400எஃப் மாதிரி எண்ணின் கடைசியில் ‘எஃப்’ இருக்கிறதா என்று பாருங்கள். அதில் கிராபிக்ஸ் இல்லை. கார்டு செருகாமல் திரையில் படமே வராது. (விலை குறைவென்று அதைத்தான் முதலில் நீட்டுவார்கள்!) பிளெண்டர், புது கேம்கள் என்று மகள் இறங்கினால் அப்போது கார்டு வாங்கலாம். பவர் சப்ளையை மட்டும் இப்போதே 550 வாட்டில், தரமானதாக வாங்கிவிடுங்கள்.