வண்டியும் மூச்சும்

நுழையும்முன்

இயந்திரம் இயங்கக் காற்று வேண்டும். மனிதர் வாழவும் காற்று வேண்டும். ஒரு மகிழுந்தில் இவ்விரண்டு தேவைகளையும் காக்க இரண்டு வடிகட்டிகள் உள்ளன. கண்ணில் படாத இடத்தில் இருந்து அவை ஆற்றும் பணியையும், அவற்றை மாற்றும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

பன்னாடையின் பணி

பனை, தென்னை ஆகியவற்றின் மட்டையடியில் வலைபோல் அமைந்த நார்ப்பகுதியைப் பன்னாடை என்பர். நம் முன்னோர் நெய்யையும் தேனையும் வடிகட்ட இதனைப் பயன்படுத்தினர். பன்னாடை நல்லதைக் கீழே விட்டுவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும். அதனால்தான் நன்னூலார், கடைநிலை மாணாக்கருக்கு அதனை உவமையாக்கினார். மாணவருக்குக் குறையாகும் அப்பண்பே வடிகட்டிக்குச் சிறப்பாகிறது. வடிகட்டியில் படிந்த அழுக்கு, அது உழைத்ததற்கான சான்று. ஆனால், தாங்கும் அளவைக் கடந்தபின் அதனை மாற்றாமல் விடுவது நம் பிழையாகும்.

எஞ்சினின் மூச்சு

பெட்ரோல் தனித்து எரிவதில்லை. ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. சாலைக் காற்றில் மணலின் நுண்துகள்கள் கலந்துள்ளன. அவை எஞ்சினுக்குள் புகுந்தால், பிஸ்டனும் சிலிண்டரும் உராயும் இடங்களைத் தேய்க்கும். எண்ணெயிலும் கலந்து கேடு விளைவிக்கும். இதனைத் தடுப்பதே எஞ்சின் காற்று வடிகட்டி. சிறிய இடத்தில் அதிகப் பரப்பு கிடைப்பதற்காக, அதன் தாள் விசிறிபோல் மடிக்கப்பட்டிருக்கும்.

வடிகட்டி அடைபட்டால் எஞ்சினுக்கு மூச்சுத் திணறும். கார்புரேட்டர் பொருத்திய பழைய வண்டிகளில் காற்று குறைந்து, எரிபொருள் மிகுந்து, கரும்புகை வெளிவரும். இக்கால வண்டிகளில் உணரிகள் காற்றின் அளவை அறிந்து எரிபொருளைக் குறைத்துவிடும். எனினும், மேட்டில் ஏறும்போதும் முந்திச் செல்லும்போதும் வண்டியின் இழுவிசை குறைவதை ஓட்டுநர் உணரலாம்.

தெரிந்து தெளிவோம்

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறத்தாழ 9000 லிட்டர் காற்று செலவாகிறது. 20 லிட்டர் தண்ணீர்க் கேன்கள் 450 கொள்ளும் அளவு இது. ஓய்வாக இருக்கும் ஒருவர் ஒரு நாளில் உள்ளிழுக்கும் காற்று ஏறத்தாழ 10000 லிட்டர்.

பயணியரின் மூச்சு

குளிரூட்டியின் வழியே உள்ளறைக்கு வரும் காற்றைத் தூய்மைப்படுத்துவது உள்ளறை வடிகட்டி. பணிமனைகளில் இதனை 'ஏசி ஃபில்டர்' என்பர். தூசி, மகரந்தம் முதலியவற்றை இது தடுக்கும். கிளர்வூட்டிய கரி சேர்த்த வடிகட்டி நாற்றத்தையும் ஓரளவு ஈர்த்துக்கொள்ளும்.

"வண்டியில் ஏறினால்தான் எனக்கு இருமல் வருகிறது" என்று என் தாயார் ஒருமுறை கூறினார். கண்ணாடிகளை எல்லாம் மூடியிருக்கிறோமே என்று நாங்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. பின்னர் ஒருநாள் உள்ளறை வடிகட்டியை வெளியே எடுத்தபோது, வேப்பஞ்சருகுகளும் பறவை இறகும் சாம்பல்நிறத் தூசியும் அதன் மடிப்புகளில் செறிந்திருந்தன. மூன்று ஆண்டுகளாக அதனை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. முதியோரின் சொல்லை அன்றே மதித்திருக்கலாமே என்று வருந்தினேன்.

மாற்றும் முறை

எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறிய பின்னரே பணியைத் தொடங்க வேண்டும். முன்மூடியைத் திறந்தால், தடித்த குழாயுடன் இணைந்த கறுப்பு நெகிழிப் பெட்டி ஒன்று பெரும்பாலான வண்டிகளில் தென்படும். அதன் கவ்விகளை அல்லது திருகுகளை நீக்கிப் பழைய வடிகட்டியை எடுக்க வேண்டும். அது அமைந்திருந்த முறையை நினைவில் கொள்ள வேண்டும். பெட்டியின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைக்கும்போது தூசி குழாய்க்குள் விழாமல் காத்தல் வேண்டும். புதிய வடிகட்டியின் ரப்பர் விளிம்பு சரியாகப் பொருந்தியபின் பெட்டியை மூடலாம்.

உள்ளறை வடிகட்டி பல வண்டிகளில், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் முன்னுள்ள பொருள்வைப்புப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். அப்பெட்டியைக் காலிசெய்து கழற்றினால் வடிகட்டியின் மூடி தெரியும். வடிகட்டியின் விளிம்பில் அச்சிட்ட அம்புக்குறி காற்றோட்டத்தின் திசையைக் காட்டும். அத்திசை மாறாமல் புதியதைச் செருக வேண்டும்.

தாள் வடிகட்டியைத் தண்ணீரில் கழுவுவதும், அழுத்தமான காற்றால் ஊதுவதும் அதன் இழைகளைச் சிதைக்கும். எப்போது மாற்றுவது என்பதை வண்டியின் கையேடு கூறும். அதில் குறித்த தொலைவு, கால அளவு ஆகியவற்றுள் எது முந்துகிறதோ அதனைப் பின்பற்றுக. புழுதிச் சாலைகளில் ஓடும் வண்டிக்கு இன்னும் முன்னதாகவே மாற்றவேண்டி வரும்.

மாற்ற இயலாத வடிகட்டி

மூக்கின் மயிர்களும் சளிப்படலமும் மூச்சுக்குழலின் குற்றிழைகளும் இயற்கை நமக்கு அளித்த வடிகட்டிகள். ஆயினும், தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கான 2.5 மைக்ரோமீட்டர் துகள்கள் இவற்றைக் கடந்து நுரையீரலின் காற்றறைகளை அடைகின்றன. அங்கே படிந்ததை நீக்கிப் புதியது பொருத்த எந்தப் பணிமனையும் இல்லை.

மகிழுந்துக்குள் அமர்ந்திருப்போருக்கு ஒரு வடிகட்டி உண்டு. அதே சாலையில் மிதிவண்டியில் பள்ளி செல்லும் மாணவருக்கும், ஓரத்தில் அமர்ந்து பூ விற்கும் அம்மையாருக்கும் அது இல்லை. நம் வண்டி விடும் புகையையே அவர்கள் மூச்சாக இழுக்கிறார்கள். ஆகவே, நம் மூச்சைக் காக்க வடிகட்டியை மாற்றுவதோடு, வண்டியைப் பழுதின்றிப் பேணுவதும், நெடுநேரம் நிற்கும்போது எஞ்சினை நிறுத்துவதும், நடக்கும் தொலைவுக்கு நடப்பதும் நம் கடமைகளாகும். காற்று பொது, அதைக் காக்கும் பொறுப்பும் பொதுவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியிலுள்ள பணிமனைக்குச் சென்று, பழைய வடிகட்டியையும் புதியதையும் ஒப்பிட்டுக் குறிப்பு எழுதுக.
2. வண்டிப் பழுதுபார்ப்பில் வழங்கும் பிறமொழிச் சொற்கள் பத்தினைத் தொகுத்து, அவற்றுக்கேற்ற தமிழ்ச் சொற்களை வகுப்பில் கலந்துரையாடுக.
3. 'காற்று அனைவருக்கும் பொது' என்னும் தலைப்பில் ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.