கவனக்குறைவு – மிகைச்செயல்பாடு: பெற்றோர் அறிய வேண்டியவை

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களிலிருந்து பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் பலர் எம்மிடம் ஒரே குறையைக் கூறுகின்றனர்: "மூன்று மணி நேரம் கைப்பேசி பார்க்கிறான், மூன்று நிமிடம் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. இது திமிர்தானே, டாக்டர்?" இக்கேள்விக்குரிய விடையை இவ்விதழில் காண்போம்.

குறைபாடு யாது?

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு, மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது. பாகூர் ஏரியில் நீர் நிறைந்திருந்தாலும், மதகு சரிவர இயங்காவிடில் உரிய வயலுக்கு உரிய வேளையில் நீர் சென்று சேராது. இப்பிள்ளைகளிடமும் கவனம் உண்டு. அதை வேண்டிய இடத்திற்குத் திருப்பும் மதகே தளர்ந்துள்ளது. கைப்பேசி நொடிக்கொரு புதுமை காட்டுவதால் கவனம் தானாக அங்கே பாய்கிறது. பாடப் புத்தகத்திற்கோ அதை முயன்று திருப்ப வேண்டியுள்ளது.

இதில் மரபுவழியின் பங்கு பெரிது. வளர்ப்பு முறையோ தாயின் கவனமின்மையோ இதற்குக் காரணம் அன்று.

எத்தனை பேருக்கு?

கோயம்புத்தூரில் 6 முதல் 11 வயது வரையுள்ள 770 பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தப்பெற்று 2013இல் வெளியான ஆய்வில், 11.32 விழுக்காட்டினரிடம் இக்குறைபாடு காணப்பட்டது. உலக அளவிலான மதிப்பீடுகள் ஏறத்தாழ 5 விழுக்காடு என்கின்றன. அவ்வாறாயினும், நாற்பது பேர் பயிலும் வகுப்பில் இருவரேனும் இருப்பர்.

அடையாளங்கள்

பொருள்களை அடிக்கடி தொலைத்தல், தொடங்கிய வேலையை முடியாமல் விடுதல், ஓரிடத்தில் அமர இயலாமை, கேள்வி முடியுமுன் முந்திரிக்கொட்டை போல் விடை கூறுதல் ஆகியன முதன்மையானவை. பெண் பிள்ளைகள் பலரிடம் ஓட்டமும் குதிப்பும் குறைவாகவும், கவனச்சிதறல் மிகுதியாகவும் இருக்கும். "மந்தம்" என்று ஒதுக்கப்பட்டு, அவர்கள் சிகிச்சைக்கே வராமற்போவதுண்டு.

குறும்பு செய்யும் பிள்ளைகள் அனைவருக்கும் இக்குறைபாடு இருப்பதாகக் கொள்ளலாகாது. அடையாளங்கள் 12 வயதிற்கு முன்பே தோன்றி, ஆறு மாதங்களேனும் நீடித்து, வீடு, பள்ளி என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வாழ்வைப் பாதித்திருத்தல் வேண்டும். இதனை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இல்லை. ஆகவே, மருத்துவரிடம் வரும்போது ஆசிரியரின் கருத்தை எழுதி வாங்கி வருதல் நலம். பார்வை, செவித்திறன், உறக்கம், கற்றல் குறைபாடு ஆகியவற்றையும் மருத்துவர் ஆராய்வார்.

வீட்டில் செய்யத்தக்கவை

"அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்பது நம் ஊர்ப் பழமொழி. இப்பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. அடியினால் மதகு சீராவதில்லை. "நான் கெட்டவன்" என்னும் எண்ணமே பிள்ளையின் மனத்தில் வேரூன்றுகிறது. அதற்கு மாறாகப் பின்வருவனவற்றைக் கடைப்பிடிப்பீர்களாக:

• அருகில் சென்று, முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் கூறுங்கள்.
• உணவு, படிப்பு, விளையாட்டு, உறக்கம் ஆகியவற்றின் நேரத்தை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.
• பதினைந்து நிமிடப் படிப்பு, ஐந்து நிமிட ஓய்வு எனப் பிரித்துக் கொடுங்கள்.
• சிறு முயற்சியையும் அப்பொழுதே பாராட்டுங்கள்.
• ஆசிரியரிடம் கூறி முன்வரிசையில் அமரச் செய்யுங்கள்.
• விபத்து வாய்ப்பு மிகுதி. ஏரி, வாய்க்கால், நெடுஞ்சாலை ஓரங்களில் தனியே விடாதீர்கள்.

மருந்து

சிறு குழந்தைகளுக்குப் பெற்றோர் பயிற்சியே முதற்படி. பள்ளி வயதில் தேவைப்படின் மெத்தில்ஃபெனிடேட், அட்டோமாக்ஸெடின் போன்ற மருந்துகளை மருத்துவர் பரிந்துரைப்பார். இவை பிள்ளையைத் தூங்கவைத்து அடக்கும் மருந்துகள் அல்ல, கவனத்தை நெறிப்படுத்துபவை. பசி குறையக்கூடும், ஆகவே எடையும் உயரமும் அவ்வப்போது அளக்கப்படும். தாமாக மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டா.

உதவி எங்கே?

தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வரும் மருத்துவக் குழுவினரிடம் தயங்காது கூறுங்கள். அத்திட்டம் கண்டறிய வேண்டியவற்றுள் இக்குறைபாடும் ஒன்று. கோரிமேட்டிலுள்ள ஜிப்மரில் மனநலப் பிரிவு இயங்குகிறது. 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

வளர வளரப் பலரிடம் ஓட்டம் தணியும்; கவனச்சிதறல் மட்டும் சிலரிடம் எஞ்சும். பிள்ளையின் அடையாளங்களைக் கேட்ட தந்தையர் சிலர், "நானும் இப்படித்தான் இருந்தேன்" என்று மெல்லக் கூறுவதுண்டு. அன்று அவர்களுக்கு அடியே கிடைத்தது. இன்று அவர்தம் பிள்ளைகளுக்குச் சிகிச்சையும் பரிவும் கிடைக்க வழியுண்டு. காலந்தாழ்த்தாது அழைத்து வாருங்கள்.